கோலத்தைத் தாண்டிய வண்டி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றாம் வருஷம், தை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் நான் ஒரு முடிவெடுத்தேன். கல்யாணமான பதினோரு வருஷத்தில் நானாக எடுத்த முதல் முடிவு அது. 

எங்கள் நைனா, அதாவது அப்பா, காலமாகி அப்போது எட்டு மாதம். திருத்தணியில் நெசவாளர் தெருவில் ஒரு வீடு, அதில் தரைக்குழியில் கால் விட்டு உட்கார்ந்து நெய்கிற ஒரு குழித்தறி, அப்புறம் ஒரு மோட்டார் சைக்கிள். இவைதான் அவர் எனக்கு விட்டுப்போனவை. வெள்ளைக்காரப் பட்டாளம் ஊருக்குப் போகும்போது மெட்ராஸில் ஏலம் விட்ட வண்டி அது. நைனா அதில் ஆர்.கே.பேட்டை போய் நூல் எடுத்து வருவார். திரும்பி வந்தால் வாசற்படிக்கு நேராக, ஒரு விரற்கடை முன்னே பின்னே இல்லாமல் நிறுத்துவார். தெருவே பார்க்கும். நானும் பார்ப்பேன். ஒரு தடவைகூட என்னிடம் ஓட்டக் கொடுத்ததில்லை.

அவர் போனபிறகு வண்டி தறிக்கூடத்து மூலையில் நின்றுவிட்டது. தறிக்குழி ஈரமும் பஞ்சுத் தூசியும் சேர்ந்து இரண்டு சக்கரமும் இறுகிப் போயின. அந்த மூலையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வேலை ஓடாது. என் மனைவி அம்சாவுக்கும் ஓடாது. காரணம்தான் வேறு.

"இன்னாங்க, அந்த மூலையில எனக்கு ஒரு தறி போட்டுடலாம்."

"அங்க எங்க நைனா நின்னுகினு இருக்காரு அம்சா."

"மாமா நிக்கல. துருப்புடிச்ச வண்டி நிக்குது. நான் எத்தினி வருசத்துக்கு உங்களுக்கு நூல் சுத்திக் குடுத்துகினே இருக்கறது?"

"அந்த வண்டிய நான் ஓட்டப் போறேன்."

அம்சா நூல் சுற்றிக்கொண்டிருந்த ராட்டை நின்றது.

"பிரேக்கு தேஞ்சி கெடக்குதே அதுல?"

"கழட்டி, தொடச்சி, புதுசா பண்ணி மாட்டப் போறேன். நானே."

அம்சா சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். புத்தி கட்டையாக இருந்தால் யார் என்ன செய்ய முடியும்?

"சரி. மாசிக் கிருத்திகைக்குள்ள முடிங்க. அன்னிக்கி நம்ம வாசல்ல தெரு அகலத்துக்கும் கோலம் போடறேன். மேட்டுல இருந்து எஞ்சின் போடாம, சும்மா உருட்டிக்கினு வாங்க. கோலத்துக்கு முன்னாடியே நிறுத்திட்டா வண்டி உங்களுது. இந்த ஜென்மத்துல நான் வாயத் தொறக்க மாட்டேன்."

"தாண்டிட்டா?"

"எனக்குத் தறி."

அவள் வாயைத் திறக்க மாட்டாள் என்ற வார்த்தையிலேயே நான் மயங்கிவிட்டேன்.

கோணிப்பையை விரித்து வேலையை ஆரம்பித்தேன். பின் சக்கரத்தைக் கழற்ற ஒரு நாள். முன் சக்கரத்துக்கு இரண்டு நாள். அதில் என் நகம் ஒன்றும் தனியாகக் கழன்றது. பிரேக் டிரம்மைத் திறந்தால் உள்ளே தலையணை தைக்கிற அளவுக்குப் பஞ்சு. அதற்கடியில் கரிப்பொடி. நைனா வாசலில் வந்து நிறுத்திய ஒவ்வொரு தடவையும் தேய்ந்து தேய்ந்து உதிர்ந்த பொடி. அதைத் துடைக்க எனக்கு மனம் வரவில்லை.  பிறகு மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, பிறை மாதிரி இருந்த பிரேக் கட்டைகளையும் ஸ்பிரிங்குகளையும் அம்சாவின் முறத்தில் வரிசையாகக் காயவைத்தேன்.

ஒரு ஸ்பிரிங் கையிலிருந்து துள்ளித் தெருவுக்குப் போய்விட்டது. எங்கள் தெருவில் காலை வேளையில் எதுவும் துள்ளக்கூடாது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, சேலைக்கு நீளவாட்டில் ஓடும் பாவு நூலை இழுத்துக் கட்டி, கஞ்சி தடவிக் காயவைத்திருப்பார்கள். சைக்கிள்காரன்கூட இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போவான்.

எதிர்வீட்டுக் கோதண்டபாணி தன் பாவில் சிக்கிய ஸ்பிரிங்கை எடுத்து நீட்டினார்.

"இன்னா தணிகாசலம், வண்டி வர்றதுக்கு முன்னாடியே அதும் குடல் வருது?"

ஸ்பிரிங்கை வாங்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். பெரிய காரியத்தில் இறங்கியவன் சில்லறைப் பேச்சுக்குப் பதில் சொல்லக்கூடாது.

தேய்ந்த கட்டைகளை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி கனகம்மாசத்திரம் போனேன். அங்கே மெக்கானிக் சுந்தரமூர்த்தி கட்டைகளின் மேலிருந்த பழைய லைனிங் பட்டையைப் பெயர்த்துவிட்டுப் புதிதாக வைத்து ரிவிட் அடித்தார். காகிதத்தில் சுற்றிக் கொடுக்கும்போது, "பிசுக்குக் கையோட இத்தத் தொடாதீங்க" என்றார். எனக்குச் சுருக்கென்றது. நான் என்ன குளிக்காதவனா? மெக்கானிக்குகளுக்கே வாய் ஜாஸ்தி என்று விட்டுவிட்டேன்.

கட்டைகளைப் பூட்டி, கேபிளை இழுத்துக் கட்டி, சக்கரங்களை மாட்டினேன். வண்டியைக் கூடத்துக்குள்ளேயே நாலடி தள்ளி, பிரேக்கை அமுக்கினேன். நின்றது! என் கையால் செய்த பிரேக்! ஆனால் நிற்கும்போது கீச்சென்று ஒரு சத்தம். மறுபடி தள்ளினேன். மறுபடி கீச்.

அம்சா சமையற்கட்டிலிருந்து வந்தாள். முகத்தில் அப்படி ஒரு கரிசனம்.

"பாவம், எவ்ளோ பாடுபட்டீங்க. இப்டிக் கத்துதே!"

அவள் கையில் தறிக்கு விடுகிற எண்ணெய் டப்பா இருந்தது.

இந்த இடத்தில் எங்கள் பரம்பரையைப் பற்றி ஒரு வார்த்தை. நெசவுக்காரன் வீட்டில் எது கீச்சிட்டாலும் வைத்தியம் ஒன்றுதான். தறி கத்தினால் எண்ணெய். ராட்டை கத்தினால் எண்ணெய். கிணற்றுச் சகடை, கதவு, தொட்டில், எல்லாவற்றுக்கும் எண்ணெய். நான் எட்டு வயதிலேயே நைனாவின் சுவர்க் கடிகாரத்துக்கு அரைப்படி நல்லெண்ணெய் விட்டவன். அம்சா கத்தும்போதும் தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டுப் பார்த்திருக்கிறேன். அது ஒன்றுதான் பலிக்கவில்லை.

டப்பாவை வாங்கினேன். முன் சக்கரம், பின் சக்கரம், டிரம் கட்டை என்று ஓர் இடம் பாக்கியில்லாமல் விட்டேன். கீச் நின்றது. வண்டி சாது ஆகிவிட்டது. அம்சா என்னைப் பெருமையோடு பார்த்தாள். எத்தனை வருஷமாயிற்று, அப்படிப் பார்த்து! எனக்குக் கண் கலங்கியது.

கிருத்திகை வந்தது. காலையிலேயே மலைக்குக் காவடிகள் போய்க்கொண்டிருந்தன. நான் வண்டியைத் தெருவின் மேட்டுக்குத் தள்ளிக்கொண்டு போய்ப் பார்த்தேன். தெருவில் ஒரு பாவுகூட இல்லை. ஜனங்கள் மட்டும் இரண்டு பக்கமும் நின்றார்கள். என் மேல் ஊருக்கு இவ்வளவு மரியாதையா என்று நெஞ்சு விம்மியது. தெருக்கோடியில் ஒரு வண்டி வைக்கோல் கொட்டிக் கிடந்தது. யாரோ மாட்டுக்கு வாங்கியது போலும்.

நைனாவை நினைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். வண்டி உருண்டது. வெள்ளை வெளேரென்று கோலம் எதிரே வந்தது. காலால் அமுக்கினேன். போய்க்கொண்டிருந்தது. கையால் பிடித்தேன். போய்க்கொண்டிருந்தது. "நில்லு!" என்று வாயாலும் சொல்லிப் பார்த்தேன். வீட்டில் என் பேச்சுக்கு இருக்கிற மதிப்புதான் அங்கேயும் இருந்தது. கோலத்தைத் தாண்டினேன். கோலத்துக்கு அப்பால் அம்சா, மஞ்சள் பற்று அரைத்த கிண்ணத்தோடு தயாராக நின்றிருந்தாள். அவளையும் தாண்டி, தலைகுப்புற வைக்கோலுக்குள் போனேன்.

அடி ஒன்றும் இல்லை. ஆனால் எழுந்திருக்கத் தோன்றவில்லை. நைனா விரற்கடை பிசகாமல் நிறுத்திய வாசலை நான் நாற்பதடி தாண்டிக் கிடந்தேன். வைக்கோலுக்குள்ளேயே அழுதேன். அம்சா வந்து முழங்காலில் பற்றுப் போட்டாள். நானே என் வாயால், "வண்டி வேணாம் அம்சா. நீ தறியப் போட்டுக்கோ" என்றேன். அவள் உடனே தலையாட்டினாள்.

திங்கட்கிழமை அவள் அண்ணன் பரந்தாமன் ஆர்.கே.பேட்டையிலிருந்து வந்து வண்டியைக் கொண்டுபோனார். எண்ணெய் குடித்த லைனிங்கைச் சுந்தரமூர்த்தி பிடுங்கிப் போட்டுவிட்டு வேறு அடித்தாராம். எண்ணெய் பட்டால் கட்டை டிரம்மைப் பிடிக்காது, வழுக்கும் என்று சொன்னாராம். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

மூலையில் தறி வந்தது. பத்து நாள் கழித்து ஒரு காலை, பாவுக்குக் கஞ்சி தடவிக்கொண்டிருந்த கோதண்டபாணி அலுத்துக்கொண்டார்.

"கிருத்திகை அன்னிக்கி பாவு போட்டிருந்தா இந்நேரம் என் சேலை தறிய வுட்டு இறங்கியிருக்கும்."

"ஏன் போடல?"

"உன் சம்சாரம்தான் மொத நாளே வூடு வூடா வந்து சொல்லிச்சே. 'நாளைக்கு அவரு வண்டி நிக்காது, நூலு அறுந்துபூடும், ஒருத்தரும் பாவு போடாதீங்க'ன்னு."

நான் தெருக்கோடியைப் பார்த்தேன்.

"அந்த வைக்கோலு?"

"பரந்தாமன் கொணாந்து கொட்டுனாரு. நம்ம தெருவுல யாருகிட்டப்பா மாடு இருக்குது?"

உள்ளே போனேன். அம்சா தன் தறியில் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தாள்.

"பிரேக்குல எண்ணெய் பட்டா வண்டி நிக்காதுன்னு உனக்கு மொதல்லயே தெரியுமா?"

"ஆங்."

"யாரு சொன்னது? சுந்தரமூர்த்தியா?"

அவள் கை நிற்கவில்லை. குரல் மட்டும் கொஞ்சம் இறங்கியது.

"மாமாதாங்க. ஆஸ்பத்திரியில கடைசியா என்னைக் கூப்ட்டு சொன்னாரு. 'என் புள்ள இந்த வண்டிய எடுத்தான்னா உசுரோட வூடு வரமாட்டான்மா. வேணான்னு சொன்னா கேக்கவும் மாட்டான். எண்ணெய் டப்பாவ மட்டும் அவன் கையில குடுத்துடு, மிச்சத்த அவனே பாத்துக்குவான்'னாரு."