நீலமாகிப் போன மோதிரம்

"உச்சி எங்க இருக்கு?" என்று கேட்டார் வேதியியல் ஆய்வாளர். கேட்கும்போதே இடது கையைச் சட்டைப்பைக்குள் ஒளித்துக்கொண்டார்.

"எண்ணூறு நானோமீட்டர்ல சார்," என்றார் ஒளியளக்கும் கருவிக்காரர்.

ஐந்நூற்று இருபதில் இருக்க வேண்டும். தங்கத்தை நானோ துகளாக்கினால் நீர் சிவக்கும். அது எந்த ஒளியை அதிகம் விழுங்குகிறது என்பதை, அதாவது அதன் உச்சியை, வைத்தே துகளின் அளவைச் சொல்லிவிடலாம். துகள்கள் ஒட்டிப் பெருத்தால் நீர் நீலமாகும், உச்சியும் தள்ளிப்போகும். வருடக்கணக்காக அவர் நடத்திய பாடம் இது. இப்போது அவர் குப்பியிலேயே நீலம்.

காலையில் தங்க உப்பு இருந்த புட்டி கைதவறி உடைந்துவிட்டது. மறுநாள் அந்தச் சிவப்பு நீரைப் பார்க்க மதிப்பீட்டுக் குழு வருகிறது. வேறு வழி தெரியாமல் கல்யாண மோதிரத்தைக் கழற்றிப் பாதியை வெட்டி அமிலத்தில் போட்டார். குடை, சாவி, கண்ணாடி என்று எதையும் தொலைக்கும் மனிதர், அதை மட்டும் கண்ணும் கருத்துமாகக் காத்து வந்தார். மஞ்சளாகக் கரைய வேண்டியது பச்சையாகக் கரைந்தது. நகைக்கடையில் கொஞ்சம் செம்பு கலந்திருப்பார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டார். மனைவியிடம் என்ன சொல்வது என்பதற்குத்தான் தேறுதல் கிடைக்கவில்லை.

"ஒட்டாம இருக்க சிட்ரேட்டைக் கூட்டிப் பாருங்க சார்."

கூட்டினார். நீலம் அடர்ந்தது.

"தங்கம் பத்தலையோ என்னவோ," என்றார் கருவிக்காரர்.

மீதிப் பாதியை உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார். அதை மனைவி தன் விரலில் மாட்டிவிட்ட நாள் ஞாபகத்துக்கு வந்தது. பிறகு அதையும் போட்டார்.

"உச்சி மலை மாதிரி ஏறிடுச்சு சார்," என்றார் கருவிக்காரர், துக்கம் விசாரிக்கும் குரலில். "அதே எண்ணூறுலதான்."

மாலையில் வீட்டுக்கு வந்தவர் குப்பியை மேசைமேல் வைத்தார். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க இது?"

"என் மோதிரம்."

அவள் குப்பியை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் பார்த்தாள். "நீலமா இருக்கே."

"துகளெல்லாம் ஒட்டிக்கிச்சு. வேலையும் கெட்டுது, மோதிரமும் போச்சு. நீ எவ்வளவு திட்டினாலும் கேட்டுக்கறேன்." அவர் கண்கள் கலங்கிவிட்டன.

அவள் திட்டவில்லை. கழுத்துச் சங்கிலியை மெல்ல வெளியே இழுத்தாள். அதில் ஒரு மோதிரம் கோத்திருந்தது.

"அழாதீங்க. நீங்க முதல் குடையைத் தொலைச்ச அன்னைக்கே, தூங்கறப்போ உங்க மோதிரத்தை மாத்திட்டேன். கரைச்சது செம்புல செஞ்ச கவரிங், நீலமாத்தான் வரும்."