பிரசிடென்ட் மேல் கேஸ் போடலாமா?

வணக்கம், எல்லாரும் சௌக்கியமா? சளி, முட்டிவலி ஒன்றும் இல்லையே? நம் மான்மவுத் ஜங்ஷன் பத்ரிக்குத்தான் மூன்று நாளாக மண்டைக் குடைச்சல்.

அமெரிக்க சிட்டிசன்ஷிப் இன்டர்வியூ நெருங்கிவிட்டது. 'ரூல் ஆஃப் லா என்றால் என்ன?' என்ற கேள்விக்குப் புத்தகத்தில் ஒரே வரி: சட்டத்துக்கு மேல் யாரும் இல்லை. தோசையோடு சேர்த்து அதையும் மென்றுகொண்டிருந்தபோது மகள் வெண்பா நிமிர்ந்தாள்.

"டெக்னிக்கலி, அப்பா, சிட்டிங் பிரசிடென்ட்ட இன்டைட் பண்ண முடியாதே?"

"அப்படின்னா?"

"கிரிமினல் சார்ஜ், அப்பா."

"அப்ப புக்கு தப்பா?"

"ஐ டோன்ட் நோ. பஸ் வந்தாச்சு, பை!"

"புக்குல இருக்கறத ஒப்பிச்சிட்டு வாங்களேன்," என்றாள் மனைவி மானஸா. அவள் போன வருஷமே சிட்டிசன். தேர்தலன்று அவள் ஓட்டுப் போட்டு வரும்வரை பத்ரி காரிலேயே உட்கார்ந்திருந்தார், பத்தொன்பது வருஷம் டாக்ஸ் கட்டிய மனுஷன்! அந்த அவமானம் இனி வேண்டாம்.

ஆனால் ஒரு வரியோடு நிறுத்தவும் அவரால் முடியாது. திருச்சியில் படித்த காலத்தில் இரண்டு மார்க் கேள்விக்கே அடிஷனல் ஷீட் வாங்கி நூல் கட்டிய கை அது.

வக்கீல் மயில்சாமிக்குப் போன் போட்டார்.

"பதவில இருக்கறவரைக்கும் முடியாதுங்க. ஜஸ்டிஸ் டிபார்ட்மென்ட் பாலிசி அது."

"அப்ப அதான் சட்டமா?"

"சட்டம் இல்லீங்க, பாலிசிதான். கோர்ட்டு இன்னும் நேரடியா தீர்ப்பு சொல்லல."

"அப்ப முடியுமா?"

"முடியும்னும் சொல்ல முடியாதுங்க."

பத்ரி மாமனாரிடம் போனார். கும்பகோணத்தில் கோர்ட் கிளார்க்காக இருந்து ரிட்டயரான பிச்சுமணி, விசிட்டுக்கு வந்திருந்தார்.

"மாப்பிள்ளை, நம்மூர் அரசியல் சட்டத்துல 361-னு ஆர்ட்டிகிளே இருக்கு. ராஷ்டிரபதி மேல பதவிக்காலம் முடியறவரை கிரிமினல் கேஸே கிடையாது."

"இங்க?"

"இங்க எனக்கு ரிமோட்டே எதுன்னு தெரியல."

அதையும் குறித்துக்கொண்டார். நெட்டில் தேடியதும் சேர்ந்து நோட்டு முப்பது பக்கம் தாண்டியது.

"நீங்க சிட்டிசன் ஆகப் போறீங்களா, பிரசிடென்ட் ஆகப் போறீங்களா?" என்றாள் மானஸா. "அதுக்கு இங்க பொறந்திருக்கணும், தெரியுமில்ல?"

இன்டர்வியூ நாள் வந்தது. ஆபீஸர் இளவயசுக்காரர். கொடி, நதி, தலைநகரம் என்று சுலபமாகக் கேட்டுக்கொண்டே வந்தவர், கடைசியில் கேட்டார்.

"ரூல் ஆஃப் லா என்றால்?"

"சட்டத்துக்கு மேல் யாரும் இல்லை."

ஆபீஸர் சிரித்துக்கொண்டே டிக் போட்டார். பத்ரி அங்கே வாயை மூடியிருக்க வேண்டும்.

"ஆனா சார்..."

"ஆனா?"

"சிட்டிங் பிரசிடென்ட் மேல மட்டும் கிரிமினல் கேஸ் போட முடியாது."

ஆபீஸரின் சிரிப்பு நின்றது. மஞ்சள் பேப்பரை இழுத்து எழுத ஆரம்பித்தார். பத்ரி சமாளிக்கப் பார்த்தார்.

"அது சட்டம் இல்ல சார், வெறும் பாலிசி."

"எந்த வருஷம்?"

"எழுபத்து மூணு. திரும்ப ரெண்டாயிரம்."

பேனா பறந்தது.

"முதல்ல இம்பீச் பண்ணி, அதாவது குற்றம் சாட்டி, செனட் அவரைப் பதவியிலேர்ந்து எடுத்துட்டா, அப்புறம் கேஸ் போடலாம். இந்தியாவுல 361..."

ஆபீஸர் இரண்டாவது பேப்பரை எடுத்தார். ஜன்மத்தில் முதல்முறையாக, எதிரில் இருப்பவர் அடிஷனல் ஷீட் வாங்குவதைப் பத்ரி பார்த்தார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"சார், என்னை ரிஜெக்ட் பண்ணத்தானே இவ்வளவும் எழுதறீங்க?"

"ரிஜெக்டா? நீங்க முதல் வரியிலேயே பாஸ் சார்! ஈவினிங் லா காலேஜ்ல நாளைக்கு எனக்கு இதே சப்ஜெக்ட்ல பரீட்சை. அந்த இம்பீச்மென்ட் பாயின்ட்ட மட்டும் இன்னொரு தடவை மெதுவா சொல்லுங்க."

சரி, உங்கள் வீட்டு இன்டர்வியூவில் என்ன கூத்து நடந்தது? மறைக்காமல் எழுதி அனுப்புங்கள்.