ஏழாவது வண்டி

அந்த அக்டோபர் ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்தில் பூசை முடிந்த பிறகு, ஏரிக்கரை விடுதிக்கு எதிரே உள்ள பேருந்து நிறுத்தத்தில் இருந்தவர்கள் நால்வர்: ஓய்வுபெற்ற தபால்காரர் போனிஃபாசி, மருந்துக் கடை லியோகாதியா அம்மாள், முடி வெட்டும் ஃப்ளோரியன், ஹிரோனிம் ஒஸ்ட்ரோகா. இவர்களில் பேருந்துக்குக் காத்திருந்தவர் யாருமில்லை. ஞாயிற்றுக்கிழமை அந்த வழியில் பேருந்தே கிடையாது.

நால்வரும் விடுதி முற்றத்தில் நின்ற வேன்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஊர் அணியில் பைக் ஓட்டுபவர்கள் ஏழு பேர். வட்ட மண்பாதையில் இடப்பக்கமாகவே சுற்றும், பிரேக் இல்லாத பந்தய பைக்கை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போக ஆளுக்கொரு வேன். வேனின் பக்கவாட்டில் ஆள் உயரத்துக்கு அவரவர் பெயர். எவன் வேன் எவர் வீட்டு வாசலில் நிற்கிறது என்று பார்த்தால் போதும். இந்த ஊரில் பத்திரிகை வாங்க வேண்டியதில்லை.

"ஆறு," என்றார் போனிஃபாசி.

"நானும் ஆறுதான் எண்ணினேன்," என்றான் ஃப்ளோரியன்.

ஏழாவது யாருடையது என்று ஒருவரும் சொல்லவில்லை. ஏழாவது, ஹிரோனிமின் மகன் கோர்னெலுடையது.

இரண்டு வாரத்துக்கு முன்பு, பருவத்தின் கடைசிப் போட்டியில், கடைசிப் பந்தயத்தில், தொடக்க நாடா மேலே எழும்புவதற்கு முன்பே கோர்னெலின் முன்சக்கரம் அதைத் தொட்டுவிட்டது. நடுவர் அவனை வெளியே அனுப்பினார். அணி இரண்டு புள்ளியில் தோற்றது. மேல் பிரிவுக்குப் போகும் வாய்ப்பும் போயிற்று. அன்றிலிருந்து ஹிரோனிம் மகனோடு பேசவில்லை. கோபம் இல்லை. என்ன பேசுவதென்று தெரியவில்லை. அதை ஒப்புக்கொள்ளவும் மனம் வரவில்லை. அணியோடு கோர்னெலின் ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. புதுப்பிப்பார்களா மாட்டார்களா என்பதுதான் ஊர் முழுக்கப் பேச்சு.

"நேத்து சாயங்காலம் நாயைக் கூட்டிட்டு வந்தப்பவும் ஆறு. காலைல பூசைக்குப் போனப்பவும் ஆறு. இப்பவும் ஆறு," என்றார் போனிஃபாசி. "நேத்து மத்தியானமே பெரிய மேசை போட்டாச்சுன்னு ரொட்டிக் கடைல சொன்னாங்க. கணக்குப் போடுங்க. இருபத்திரண்டு மணி நேரமா பேசறாங்க!"

"சும்மா சாப்பிடக் கூடியிருப்பாங்க," என்றார் லியோகாதியா.

"இருபத்திரண்டு மணி நேரமா எதைம்மா சாப்பிடுவாங்க? அழைப்பு இல்ல, அறிவிப்பு இல்ல, கிளப் தலைவர் இல்ல. ஜன்னல்ல திரை வேற. பேசற விஷயம் அப்படி."

"பயிற்சியாளரை மாத்தப் போறாங்க," என்றான் ஃப்ளோரியன். "அந்த மனுஷனுக்கு இடது வலது தெரியாது."

"நம்ம விளையாட்டுல இடது மட்டும் தெரிஞ்சாப் போதும்டா. வலது பக்கம் எவன் திரும்பறான்?" என்றார் போனிஃபாசி.

"அப்ப ஓடுபாதையைப் பத்தி இருக்கும். முதல் வளைவு சேறாக் கிடக்குன்னு நானே நாலு தடவை சொன்னேன்."

"ஓடுபாதையைப் பத்திப் பேச ஏழு பேரும் வரலாமே," என்றார் போனிஃபாசி மெல்ல. "ஆறு பேர் கூடினா ஏழாவது ஆளைப் பத்தித்தான் பேசுவாங்க."

ஹிரோனிமின் முதுகு நிமிர்ந்தது. அது எப்போதும் நிமிர்ந்தே இருக்கும். இப்போது இன்னும் ஒரு அங்குலம். அவருடைய அப்பா அந்த அரங்கத்தின் மர வேலியை அடித்தவர். முதல் வளைவில், கம்பியை ஒட்டி, அறுபது வருடமாக ஒரு ஒஸ்ட்ரோகா நின்றுகொண்டிருக்கிறார். பைக்குகள் வாரியடிக்கும் செம்மண் முதலில் அந்தக் குடும்பத்தின் முகத்தில் விழுந்த பிறகுதான் ஊர்மேல் விழும்.

"வண்டி ரிப்பேர்ல இருக்கு," என்றார்.

ஹிரோனிம் வாழ்நாளில் பொய் சொன்னதில்லை. பழக்கமில்லாத காரியம் சரியாக வரவில்லை.

"அப்படியா?" என்றார் லியோகாதியா. "நேத்து சாயங்காலம் ஆத்துப் பாலத்து மேல போச்சே! கடையைப் பூட்டிட்டு வர்றப்ப பார்த்தேன். அக்கரைக்கு."

அக்கரை ஊரிலும் ஓர் அணி உண்டு. அக்கரையில் ரொட்டி வாங்கினால்கூடப் பையை மூடிக்கொண்டு பாலம் கடக்கும் ஊர் இது.

"அக்கரைக்கா?" என்றான் ஃப்ளோரியன்.

"இவங்க துரத்தறதுக்குள்ள அவன் அங்க பேசி முடிக்கப் போயிட்டான்," என்றார் போனிஃபாசி.

"என் மகனை யாரும் துரத்த முடியாது!" என்றார் ஹிரோனிம். "கூட்டத்துக்குக் கூப்பிட்டாங்க. அவன்தான் வரமாட்டேன்னுட்டான். அவனே விலகறான்."

சொல்லி முடித்தபோது கௌரவம் காப்பாற்றப்பட்டுவிட்டதாகவே அவருக்குத் தோன்றியது. எதிரே இருந்த மூன்று முகங்களையும் பார்த்த பிறகுதான் எதைச் சொல்லிவிட்டோம் என்று உறைத்தது.

"அவனே விலகி... அக்கரைக்கு?" லியோகாதியா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்.

"பைக் ஓட்ட இல்லம்மா! பைக்குக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. அது வந்து... ஒரு பொண்ணு விஷயம்."

"பொண்ணா! யார் வீட்டுப் பொண்ணு?"

"நல்ல குடும்பம்." தரம் குறைந்த குடும்பத்தை ஹிரோனிமால் பொய்யிலும் தாங்க முடியாது. "ஊர்ல பெரிய குடும்பம்."

போனிஃபாசி கையிலிருந்த சூரியகாந்தி விதைகளைக் கீழே போட்டார். "அக்கரைல பெரிய குடும்பம்னா ஒண்ணுதான். அவங்க கிளப் தலைவர் வீடு. அவருக்கு மூணு பொண்ணு!"

"நான் அவரைச் சொல்லல—"

"மாப்பிள்ளையா எடுத்துட்டாங்கய்யா! அதான் நாடாவைத் தொட்டான்! இப்பப் புரியுது!"

"யோவ் போனிஃபாசி, வாயை அடக்கு!"

அவர் வாயை அடக்கினார், கை அடங்கவில்லை. அது அதற்குள் கைப்பேசியைத் தேடி எடுத்துவிட்டது. கால்மணி நேரத்தில் நிறுத்தத்தில் முப்பது பேர். கழுத்தில் அணித் துண்டு, பல பேர் வாயில் மெல்லாத மதியச் சாப்பாடு. ஒருவன் ஊதுகுழலோடு வந்திருந்தான். எதற்கு என்று அவனுக்கே தெரியவில்லை.

"மூத்த பொண்ணா, நடுப் பொண்ணா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"மகனுக்கே போன் போட்டுக் கேளுங்களேன்," என்றார் லியோகாதியா, இரக்கத்தோடு.

ஹிரோனிம் கைப்பேசியை எடுத்தார். பதினான்கு நாள் பேசாத மகனிடம் முப்பது பேர் எதிரில் 'உன்னைத் துரத்திட்டாங்களா?' என்று கேட்பதா? பதில் ஆமாம் என்றால்? கைப்பேசி பைக்குள் திரும்பிப் போனது.

பதிலாக அவர் தொப்பியைக் கழற்றினார். கூட்டம் அடங்கியது. தகப்பனை அடக்கம் செய்த நாளில்தான் கடைசியாக அவர் தெருவில் தொப்பியைக் கழற்றியது.

"கேட்டுக்கோங்க. ஒஸ்ட்ரோகாக்களை யாரும் வெளிய தள்ளினதா இருக்கக் கூடாது. நாங்களாவே போறோம். என் மகனும், நானும். முதல் வளைவுல என் இடம் இனிமே எனக்கு வேண்டாம். போனிஃபாசி, அதை நீ எடுத்துக்க."

போனிஃபாசியின் கண் கலங்கியது. "எனக்கா? அண்ணே, முப்பது வருஷமா உங்க பின்னால நிக்கறேன். ஒரு பந்தயம் முழுசாப் பார்த்ததில்ல. உங்க தொப்பியைத்தான் பார்த்திருக்கேன்."

"இனிமே வளைவைப் பாரு."

ஹிரோனிம் சாலையைக் கடந்தார். கழுத்திலிருந்த துண்டை எடுத்து நாலாக மடித்து, விடுதிக் கதவின் கைப்பிடியில் போட்டார். உள்ளே கூடியிருக்கும் ஆறு பேரும் வெளியே வரும்போது முதலில் இதைப் பார்க்கட்டும். முப்பது பேரும் அவர் பின்னாலேயே வந்து நின்றார்கள். ஊதுகுழல்காரன் மெல்ல ஒருமுறை ஊதினான்; யாரோ அவன் தலையில் தட்டினார்கள்.

அப்போதுதான் விடுதியைப் பெருக்கும் கெனோவேஃபா சைக்கிளில் வந்து இறங்கினாள். ஒரு கையில் வாளி, மறு கையில் சாவிக்கொத்து.

"என்ன இது, சவ ஊர்வலமா? வழி விடுங்க. துணி காயப்போட வேற இடம் கிடைக்கலையா?" துண்டை உருவி, யாருடையது என்று பார்த்து, ஹிரோனிமின் கழுத்திலேயே போட்டாள். "குளிர்ல கழுத்தைக் காட்டிட்டு நிக்காதீங்க ஐயா."

"கெனோவேஃபா, கதவைத் தட்டாம திறக்காத," என்றார் போனிஃபாசி தணிந்த குரலில். "உள்ள கூட்டம் நடக்குது."

"உள்ளயா?" கதவைத் திறந்தாள். திரைகளை இழுத்துவிட்டாள். கவிழ்த்து வைத்த நாற்காலிகள், நீள மேசை, அதன்மேல் ஒரு ஊர் குடிக்கும் அளவுக்குக் காலிக் குவளைகள். ஈ காக்கா இல்லை. "நேத்து ஆறு மணிக்கே எல்லாம் முடிஞ்சு போச்சு. கூட்டமாம் கூட்டம்! வாத்துக் கறி தின்னாங்க, பாட்டுப் பாடினாங்க, குடிச்சாங்க. நிக்க முடியாதவன் வண்டி ஓட்ட முடியுமா? அதான் வேனெல்லாம் இங்கயே கிடக்கு."

முப்பது பேரும் தரையைப் பார்த்தார்கள். ஹிரோனிம் வாசல்படியில் உட்கார்ந்தார். காலையிலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கி நடந்து போனது போலிருந்தது. கூட்டமே இல்லை, அப்படியானால் யாரும் யாரையும் துரத்தவில்லை. துண்டின் இரு முனைகளையும் சமமாக இழுத்துவிட்டுக்கொண்டார்.

போனிஃபாசிக்கு மட்டும் மனசு ஆறவில்லை. முதல் வளைவு கைக்கு வந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லையே.

"அது சரி, கூட்டம் இல்லன்னே வெச்சுக்குவோம். விருந்து நடந்ததா இல்லையா? ஆறு வேன் நிக்குது, கோர்னெல் வேன் மட்டும் இல்ல. அவனை மட்டும் விருந்துக்குக் கூப்பிடலைன்னு ஊரே பேசுது."

கெனோவேஃபா வாளியைக் கீழே வைத்தாள்.

"ஊர் பேசறது பொய். 'தோத்தது என்னாலதான், அதனால இன்னைக்கு எனக்குக் குடி வேண்டாம்'னு தண்ணியைக் குடிச்சுட்டு உக்காந்திருந்த ஒரே ஆள் கோர்னெல்தான். அக்கரைல மாமியார் வீட்டுலதான் விடணும்னு அழுத உங்க கேப்டனையும் சேர்த்து, ஆறு பேரையும் வீடு வீடாக் கொண்டுபோய் இறக்கினதே அந்த ஏழாவது வேன்தான்."