தினமும் வந்த ஆப்சென்ட்

உலகத்தில் இதுவரை கல்லூரிக்குப் போன கோடானுகோடிப் பேரில், ஒரு நாள்கூட மட்டம் போடாத ஒரே பிறவி எங்கள் ஆப்சென்ட்தான். மழை, பந்த், மாமன் கல்யாணம், கிரிக்கெட் இறுதிப்போட்டி எதுவும் அவனை அசைத்ததில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து நின்றுகொண்டு, "லீவுன்னா ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்று வாட்ச்மேனிடம் சண்டை போட்டவன். அவனுக்குத்தான் ஆப்சென்ட் என்று பெயர் வைத்தோம்.

அதே வகுப்பில் இன்னொருவன் இருந்தான். கல்லூரிக்குள் கேன்டீன் தவிர வேறு கட்டடம் இருப்பதே அவனுக்குத் தெரியாது. முதல் பருவ முடிவில் 'சிறந்த வருகை' என்று அவனுக்கு மேடையில் கேடயம் கொடுத்தார்கள். அந்தக் கேடயத்தின் முனையில்தான் இப்போது என் அறைச் சாவியை மாட்டி வைத்திருக்கிறேன்.

இந்த அநியாயத்தை விளக்க எங்கள் காலத்துக் கல்வியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் காலம் என்றதும் ரொம்பப் பின்னால் போக வேண்டாம். போன வருடம்தான் டிகிரி வாங்கினேன்.

எங்கள் கல்லூரி திருவண்ணாமலைக்கு வெளியே, திருப்பதி முடித்து வரும் ஆந்திரா பக்தர்களின் வேன்கள் வரிசையாக நிற்கும் மைதானத்துக்கு எதிரில் இருக்கிறது. வாசல் சுவரில் ஒரு மிஷின். அதன் முன் முகத்தைக் காட்ட வேண்டும். தெரிந்த முகமென்றால் உள்ளே இருந்து ஒரு பெண் குரல் "தேங்க் யூ" என்னும். தெரியாத முகமென்றால் "ட்ரை அகெய்ன்." முகம் பதிந்த உடனே வந்துவிட்டார் என்றும், காலை பத்து மணி வரை பதியாவிட்டால் வரவில்லை என்றும் பெற்றோர் போனுக்கு மெசேஜ் பறக்கும்.

எனக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்திருந்தது. அந்தப் பெண் 'தேங்க் யூ' சொன்னதும் நான் பதிலுக்கு ஒரு சலாம் வைத்துவிட்டுப் பின்பக்கச் சுவரேறிக் குதித்துவிடுவேன். மிஷினுக்கு என் முகம் மட்டும் போதும். மிச்ச உடம்பு எந்தத் தியேட்டரில் இருக்கிறது என்று அது விசாரிப்பதில்லை.

ஆப்சென்ட்டின் கதை வேறு. அவன் அடி அண்ணாமலைக்காரன். கிரிவலப் பாதையில் அவன் அம்மா டீக்கடை வைத்திருந்தார். மகனுக்குக் காலேஜில் இடம் கிடைத்தால் மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டார். கிடைத்தது. மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு முதல் நாள் வந்தான். அன்றைக்குத்தான் முகம் பதிவு செய்தார்கள். இதுதான் இவன் இயற்கை வடிவம் என்று மிஷின் மனதில் பதித்துக்கொண்டது.

முடி முளைத்தது. மிஷின் அவனை மறந்தது.

"உள்ளேன் ஐயா!" என்று கையைக் கட்டிக்கொண்டு மிஷின் முன்னால் நிற்பான். கிராமத்துப் பள்ளிக்கூடப் பழக்கம்.

"ட்ரை அகெய்ன்."

"உள்ளேன் ஐயா!"

"ட்ரை அகெய்ன்."

பின்னால் வரிசை மைதானம் வரை நீளும். "டேய், அது பொம்பள வாய்ஸு. ஐயான்னா கோச்சுக்காதா?" என்று நான் எடுத்துச் சொன்னேன். மறுநாள் "உள்ளேன் அம்மா" என்று பார்த்தான். அதற்கும் மசியவில்லை.

வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்து அவன் சந்தேகம் கேட்டால், பேராசிரியர் கையிலிருக்கும் டேப்லெட்டைப் பார்ப்பார். "நீ இன்னிக்கு வரலியேப்பா. வராதவன் எப்படிச் சந்தேகம் கேப்ப?" என்பார். வகுப்பே சிரிக்கும். ஆப்சென்ட்டும் சிரித்துவிட்டு அதே சந்தேகத்தை மறுபடி கேட்பான்.

அலுவலகத்தில் மிஷினைப் பார்த்துக்கொள்ள ஒருவர் இருந்தார். அவருக்கு எங்கள் பெயர் சிஸ்டம் சார். ஐம்பது வயது, முடி என்ற ஒன்றை இளமையிலேயே துறந்துவிட்டவர். அவரிடம் போனோம்.

"சார், போட்டோ மாத்தணும்."

"சென்னையிலேர்ந்து ஆள் வரணும்."

"எப்ப சார் வருவாங்க?"

"வந்தா நீயே பாப்ப." தலையை நிமிர்த்தாமல் கீபோர்டைத் தட்டினார். "சிஸ்டத்த மாத்தறது கஷ்டம்பா. முடியை மாத்திக்க, ஈஸி."

இதெல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது, அவன் அம்மாவின் போன் விஷயம் தெரியும் வரை. தினமும் பத்து மணிக்கு அவர் கையைத் துடைத்துக்கொண்டு மெசேஜைத் திறப்பார். அதைச் சத்தமாகப் படிப்பார். 'உங்கள் மகன் இன்று கல்லூரிக்கு வரவில்லை.' கடையில் டீ குடிக்கிற அத்தனை பேரும் ஒரு வாய் டீ, ஒரு வாய் புத்திமதி என்று ஆரம்பித்துவிடுவார்கள். சேர்க்கையன்று கல்லூரியில், "உங்க பையன் எங்க போறான் வரான்னு இனிமே நீங்க கவலையே பட வேணாம்மா, போன் சொல்லிடும்" என்று சொல்லியிருந்தார்கள். அவரும் கவலைப்படாமல் போனை நம்பினார். மகனைத்தான் நம்பவில்லை.

ஒரு நாள் சாயங்காலம் நான் கடையில் இருக்கும்போதே பஞ்சாயத்து நடந்தது.

"எங்கடா சுத்தற? தெனம் சட்டையப் போட்டுக்குனு கெளம்பற. அவ்ளோ பெரிய காலேஜு பொய் சொல்லுமா?"

"நான் போறேம்மா. இவனக் கேளு."

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். தினமும் காலை பதினோரு மணிக்கே தன் டீக்கடையில் உட்கார்ந்து வடை தின்கிறவன், வகுப்பு நடப்பதற்குச் சாட்சி! வாயில் இருந்த வடையை என்னால் விழுங்கவும் முடியவில்லை, வெளியே எடுக்கவும் முடியவில்லை.

"இந்த மாசத்துக்கு மேல இன்னொரு மெசேஜ் வரட்டும், ஓசூர் பஸ்ல ஏத்தி உட்டுடறேன். உங்க மாமன் கம்பெனில ஆள் கேக்கறான். படிச்சு கிழிச்சது போதும்" என்றார் அம்மா.

ஆப்சென்ட்டுக்கு முகம் செத்துவிட்டது. அவனுக்குப் படிப்பு என்றால் அப்படி ஒரு ஆசை. எனக்கு ஏன் அது வரவில்லை என்று டாக்டரிடம் காட்டலாமா என நான் யோசித்ததுண்டு.

அந்த வாரம்தான் 'தொழில்நுட்பமும் இன்றைய மாணவனும்' என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். நாங்கள் எல்லோரும் செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு வாங்கிக் கொடுத்தோம். என் கட்டுரையின் கடைசி வரி, 'வேறு ஏதேனும் உதவி வேண்டுமா?' என்று முடிந்தது. கீழே பேராசிரியர், 'வேண்டும். உன் அப்பாவை அழைத்து வா' என்று சிவப்பில் எழுதியிருந்தார். ஆப்சென்ட் மட்டும் சொந்தமாக எழுதினான். 'எங்கள் கடைக்கு வருகிறவர் மீசையை எடுத்துவிட்டு வந்தாலும் என் அம்மா அவருக்குச் சர்க்கரை கம்மியாகத்தான் போடுகிறார். ஆளைத் தெரிய வேண்டுமென்றால் பழக வேண்டும். மிஷின் இன்னும் யாரோடும் பழகவில்லை' என்று எழுதியிருந்தான். மற்ற கட்டுரைகளோடு ஒத்துப்போகவில்லை என்று வகுப்பிலேயே குறைந்த மதிப்பெண் அவனுக்குத்தான்.

ஓசூர் பஸ் நெருங்கிக்கொண்டிருந்தது. நான்தான் சொன்னேன், "பேசாம மொட்டை அடிச்சிடுடா."

அடித்தான். மறுநாள் மிஷின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "உள்ளேன் ஐயா."

"தேங்க் யூ."

வாட்ச்மேன்கூடக் கை தட்டினார். ஆனால் மிஷினுக்கு முடி மட்டும் வளரக் கூடாதே! வாரம் தவறாமல் சவரக்கத்தி. கடைக்கார அண்ணன், "ஒரு மனுஷனுக்கு இவ்ளோ வேண்டுதலா?" என்று மிரண்டுபோய்ப் பாதி ரேட்டுக்கு இறங்கி வந்தார். இந்த ஊரில் மொட்டையும் மெலிந்த உடம்புமாக ஒருவன் தனியே நடந்தால் என்ன ஆகும்? வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவர் கண்ணை மூடி அவனைக் கும்பிட்டார். ஆட்டோக்காரர் காசு வாங்க மறுத்தார். வெளியூர்த் தம்பதி ஒன்று மறித்துக்கொண்டு, "சாமி, எங்க பையனுக்கு கவர்ன்மென்ட் வேலை கெடைக்குங்களா?" என்றது. ஆப்சென்ட் தீர யோசித்து, "அட்டெண்டன்ஸ் இருந்தா கெடைக்கும்மா" என்று அருளினான்.

கடையில் அம்மா இப்போது, 'வந்துவிட்டார்' என்ற மெசேஜைப் படித்துவிட்டு, வாடிக்கையாளர்களுக்கு டீயில் பால் ஜாஸ்தி ஊற்றினார். ஆனாலும் எச்சரிக்கை அப்படியே இருந்தது. இன்னும் ஒரே ஒரு 'வரவில்லை' வந்தாலும் ஓசூர்.

ஒரு திங்கட்கிழமை அவனைக் காணோம். மணி பத்தை நெருங்குகிறது. போன் அடித்தால் எடுக்கவில்லை. சவரக் கடையில் மாட்டிக்கொண்டான் போல என்று நினைத்தேன். இன்னும் கொஞ்ச நேரத்தில் மெசேஜ் போய்விடும். அப்போதுதான் எதிர் மைதானத்தில் ஒரு வேனிலிருந்து ஆந்திராக் குடும்பம் இறங்குவதைப் பார்த்தேன். அப்பா, அம்மா, தாத்தா, ஒரு சின்னப் பையன். நாலும் பளபளவென்று புது மொட்டை. மிஷினுக்குத் தெரிந்தது மொட்டை மட்டும்தானே!

ஓடினேன். எனக்குத் தெரிந்த தெலுங்கெல்லாம் தமிழ் டப்பிங் படமாகப் பார்த்தே மறந்துவிட்டது. "பாபு... ஃபேஸ்... கேமரா... ஒன் மினிட்" என்று கையைக் காட்டினேன்.

"தர்சனம் டோக்கனா?" என்றார் அப்பா, முகம் மலர.

நான் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. அவர் பயபக்தியோடு மிஷின் முன்னால் நின்றார். "தேங்க் யூ" என்றது. போதும் என்று திரும்பினால், அவர் மனைவி நிற்கிறார். "தேங்க் யூ." தாத்தா. "தேங்க் யூ." பையனைத் தூக்கிக் காட்டினார்கள். "தேங்க் யூ." ஒரே நிமிடத்தில் ஆப்சென்ட் நாலு தடவை கல்லூரிக்கு வந்துவிட்டான்.

"டோக்கன் எக்கட பாபு?" என்று கேட்டவர்களுக்கு ஆளுக்கொரு மோர் வாங்கிக் கொடுத்து, கோயிலுக்கு வழி காட்டிவிட்டு, ஒரு குடும்பத்தைக் காப்பாற்றிய பெருமையோடு கேன்டீனுக்குப் போனேன்.

எனக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. அந்த நேரத்தில் ஆப்சென்ட் கடைக்குப் பின்னால் தன் வீட்டில், நெருப்பாய்க் கொதிக்கும் ஜுரத்தில் படுத்துக் கிடந்தான். அம்மா ஒரு கையால் அவனுக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தார். இன்னொரு கையில் இருந்த போனில், ஒன்றன்பின் ஒன்றாக நாலு மெசேஜ். 'உங்கள் மகன் இன்று கல்லூரிக்கு வந்துவிட்டார்.'

அம்மா போனைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். மறுபடி போனைப் பார்த்தார்.

மறுநாள் காலை கடையைப் பூட்டிவிட்டுக் கல்லூரிக்கே வந்துவிட்டார். முதல்வர் அறை வாசலில் நான் காதை நீட்டிக்கொண்டு நின்றேன்.

"சிஸ்டத்துல நேத்து வந்திருக்கானேம்மா" என்றார் முதல்வர்.

"சிஸ்டத்துல வந்தான் சரிங்க. அப்ப எவனுக்குங்க நான் கஞ்சி ஊத்துனேன்?"

முதல்வர் சிஸ்டம் சாரைக் கூப்பிட்டார். "மிஷின்ல தப்பே வராது சார்" என்றார் அவர். "வேணும்னா வாங்க, காட்டறேன்."

எல்லோரும் வாசலுக்கு வந்தார்கள். மிஷின் வேலை செய்கிறது என்று நிரூபிக்க சிஸ்டம் சார் கம்பீரமாகத் தன் முகத்தையே நீட்டினார். வெயிலில் அவர் தலை தகதகத்தது.

"தேங்க் யூ."

அம்மாவின் கையில் போன் மணி அடித்தது. அவர் மெசேஜைச் சத்தமாகப் படித்தார். "உங்கள் மகன் இன்று கல்லூரிக்கு வந்துவிட்டார்." பிறகு சிஸ்டம் சாரை மேலும் கீழும் பார்த்தார். "எனக்கு இவ்ளோ பெரிய புள்ளையா?"

முதல்வர் சிரிப்பை அடக்க மைதானத்துப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆனால் அம்மா சிரிக்கவில்லை. போனைப் புடவைத் தலைப்பில் முடிந்தார். "அப்ப, வரல வரலன்னு சொன்னீங்களே, அத்தினி நாளும் வந்திருக்கான். நான் அவன எவ்ளோ பேசிட்டேன். சோறு தின்னும்போதுகூடப் பேசினேனே." எனக்கு மூக்கு அரித்தது. தூசி என்று வாட்ச்மேனிடம் சொன்னேன்.

பேராசிரியர்கள் வரிசையாக வந்து, தினமும் வருவான், சந்தேகம் கேட்டு உயிரை எடுப்பான் என்று சாட்சி சொன்னார்கள். வருகை திருத்தப்பட்டது. வகுப்பில் பெயர் கூப்பிடும் பழைய வழக்கம் திரும்பியது. ஓசூர் பஸ் அவன் இல்லாமலே போனது. ஆப்சென்ட்டுக்கு முடி வளர்ந்தது. முழுசாக வளர்ந்தால் சுருட்டை முடி என்பது அப்போதுதான் எங்களுக்கே தெரிந்தது.

கெட்டது நான் மட்டும்தான். அம்மாவுக்கு இனி மெசேஜ் மேல் நம்பிக்கை இல்லை. "பேசற வாய் ஒண்ணு சொல்லணும்" என்றார். ஆப்சென்ட் என்னைக் கை காட்டினான். அன்றிலிருந்து பத்து மணிக்கு எனக்கு போன்.

"இன்னாப்பா, அவன் வந்துட்டானா?"

"வந்துட்டாம்மா."

"இன்னா கலர் சட்டை?"

சட்டையின் நிறம் சொல்ல வேண்டுமென்றால் வகுப்பில் இருந்தாக வேண்டும். இப்படித்தான் நான் படித்தேன். என் டிகிரி அவன் சட்டைகள் போட்ட பிச்சை.

இப்போது எனக்குச் சென்னையில் வேலை. அவன் ஊரிலேயே ஆசிரியர் பயிற்சி படிக்கிறான். அம்மாவின் பத்து மணி போன் மட்டும் நிற்கவில்லை, விசாரணைதான் என் பக்கம் திரும்பிவிட்டது. போன வாரம் அந்த போன் வந்தபோது எனக்கு நல்ல ஜுரம், அறையில் போர்வைக்குள் கிடந்தேன்.

"இன்னாப்பா, வேலைக்குப் போயிட்டியா?"

"போயிட்டேம்மா."

லீவில் வீட்டிலிருந்த ஆப்சென்ட்டின் குரல் பின்னாலிருந்து கேட்டது. "பொய் சொல்றாம்மா. கொரல்லயே ஜொரம் தெரியுது."

நான் போனை வைத்துவிட்டுத் தூங்கிப்போனேன். மாலையில் யாரோ கதவைத் தட்டினார்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு போய்த் திறந்தேன். கையில் தூக்கு வாளி, உள்ளே கஞ்சி.

"உள்ளேன் ஐயா."

கண் சரியாகத் திறக்கவில்லை. வாசலில் வெளிச்சமும் போதவில்லை. ஆனாலும் எனக்கு ஆள் தெரிந்தது.