எங்கள் மணியின் நன்னடத்தைத் தேர்வு

முதலில் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு ஊட்டி பேக்கரியில் வர்க்கி பிஸ்கட் போடுகிறவன் நான். நம் நாய்ச் சங்கத்தின் ஆண்டு மலரில் நானும் எழுத வந்திருப்பது அதிகப்பிரசங்கித்தனம்தான். இதே மலரில் மற்றவர்களின் சாதனைகளைப் படித்திருப்பீர்கள். எஸ்டேட் மேனேஜர் அம்மாவின் லாப்ரடார் டயானா சென்னை வரை போய்க் கோப்பை வாங்கி வந்தவள். ஜீப் ஓட்டும் நண்பரின் அல்சேஷன், சீசனில் கூட்டத்தில் தொலைந்த ஒரு குழந்தையை மோப்பம் பிடித்துத் தாயிடம் சேர்த்தது. அந்தப் பக்கங்களுக்கு நடுவில் என் பக்கம் கல்யாணப் பந்தியில் அழைக்காமல் வந்து உட்கார்ந்தவன் மாதிரி இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நானாக எழுதவில்லை. சங்கத்தின் செயலாளர் ஸ்டெல்லா டீச்சர் பேக்கரிக்கே வந்துவிட்டார்.

"சூசை, சாதனைகள் பகுதிக்கு உங்ககிட்ட இருந்து ஒண்ணும் வரலையே?"

"எனக்கு என்னங்க டீச்சர் சாதனை இருக்கு?"

"அன்னைக்கு மைதானத்துல பண்ணினீங்களே, அதை எழுதுங்க."

"அது சாதனைங்களா?"

"அதை மாதிரி இனிமே யாராலயும் பண்ண முடியாது. அப்போ அது சாதனைதானே?"

ஓய்வு பெற்று இத்தனை வருஷம் ஆகியும் டீச்சர் கேள்வி கேட்டால் எனக்குக் கை தானாகக் கட்டிக்கொள்ளும். சரி என்று சொல்லிவிட்டேன்.

என் கூச்சத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை புரியாது. பஸ்ஸில் என் நிறுத்தம் வந்தால்கூட "இறங்கணும்" என்று சொல்ல எனக்கு வாய் வராது. வேறு யாராவது இறங்கும் இடத்தில் இறங்கி நடந்து வருவேன். ஊட்டியில் பாதித் தெருக்களை நான் தெரிந்துகொண்டது இப்படித்தான். பெண் பார்க்கப் போன அன்றைக்கு ரோஸ்லின் தன் அம்மாவிடம், "மாப்பிள்ளைக்குப் பேச்சு வருமா?" என்று கேட்டாளாம். (வரும் என்று என் அண்ணன் சொன்னதை நம்பித்தான் கட்டிக்கொண்டாள். இன்றைக்கும் அண்ணனைத் திட்டுகிறாள்.) பேக்கரி வேலை எனக்குப் பிடித்துப்போனதும் அதனால்தான். அடுப்போடு யாரும் பேச வேண்டியதில்லை.

அப்படிப்பட்ட என் வீட்டுக்கு மணி வந்தான். ஒரு மழை நாளில் மார்க்கெட்டில் காரட் மூட்டைகளுக்கு நடுவே நடுங்கிக்கொண்டிருந்தவனை என் மகள் ஜெனி ஸ்வெட்டருக்குள் வைத்துக் கொண்டுவந்தாள். அம்மா மார்க்கெட் நாய். அப்பா யாரென்று தெரியாது. தொங்கும் காதைப் பார்த்தால் நல்ல குடும்பம் என்று மட்டும் தெரிகிறது.

நாங்கள் காந்தலில் வாடகைக்குக் கீழ் வீட்டில் இருக்கிறோம். மாடியில் வீட்டு ஓனர் போஜன் ஐயா தனியாக இருக்கிறார். மணி வந்த ஆறு மாதத்தில் அவருடைய முள்ளங்கிப் பாத்தியைத் தோண்டிப் படுத்தான். கொடியில் காய்ந்த அவருடைய ஸ்வெட்டரை இழுத்து வந்து அதன் மேல் படுத்தான். கேஸ் சிலிண்டர்காரரைப் பார்த்துக் குரைத்த குரைப்பில் அவர் சிலிண்டரைத் தெருமுனையிலேயே உருட்டிவிட்டுப் போய்விட்டார். அது ஓனருடைய சிலிண்டர்.

அன்று ஓனர் மாடிப்படியில் நின்றபடி சொன்னார்: "ஏனுங்க சூசை, இந்த நாய்க்கு ஒழுக்கம் இருக்குதுன்னு வெவரம் தெரிஞ்சவங்க யாராச்சும் எழுதிக் குடுத்தா இங்கெயே இருக்கட்டும். இல்லீன்னா வருஷம் முடியறதுக்குள்ள அனுப்பிருங்க. அதுவரைக்கும் கட்டிப் போட்டு வைங்க."

அனுப்புவதற்கு இடம் இருந்தது. கூடலூரில் என் மச்சானுக்கு மிளகுத் தோட்டம் உண்டு. "இங்க கொண்டாங்க, காவலுக்கு ஆச்சு" என்று ஃபோனில் சந்தோஷமாகச் சொன்னார். ஆனால் அவர் தோட்டத்தில் நாய் வளர்ப்பது சிறுத்தைக்குப் பந்தி வைப்பது போல. போன தடவை இருந்த நாய் எங்கே என்று கேட்டால் மேலே காட்டைக் கை காட்டுவார். அதற்கு முந்தின நாய் எங்கே என்றாலும் அதே காட்டைத்தான் காட்டுவார். ஜெனி அன்று சாப்பிடாமல் மணியின் சங்கிலியைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

பிறகு அவளே கண்டுபிடித்து வந்தாள். நம் சங்கம் வருஷா வருஷம் நன்னடத்தைத் தேர்வு நடத்துகிறது, ஜாதி நாயாக இருக்க வேண்டியதில்லை, தேறினால் சான்றிதழ் உண்டு. நான் சங்கத்தில் சேர்ந்த கதை இதுதான். சேர்ந்தேன் என்பதைவிட, மகளும் நாயும் என்னை இழுத்துக்கொண்டு போனார்கள் என்பது சரி.

ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சியில்தான் தெரிந்தது, நாயிடம் எல்லோரும் இங்கிலீஷில்தான் பேசுகிறார்கள் என்று. வீட்டில் புருஷனிடம் "ஏனுங்க, தண்ணி காஞ்சிருச்சு" என்று சொல்கிறவர்கூட நாயைப் பார்த்ததும் "சிட்! ஸ்டே! குட் பாய்!" என்கிறார். அதுவும் மைதானமே கேட்கும்படி. எனக்குத் தமிழே தொண்டைக்குள் நிற்கும். ஒரு ஞாயிறு, ஜெபம் செய்துவிட்டு, தைரியமாக "சிட்" என்றேன். பக்கத்தில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் சட்டென்று பெஞ்சில் உட்கார்ந்தார். மணி நின்றுகொண்டே இருந்தான்.

அன்றோடு வாயால் கட்டளை கொடுப்பதை விட்டுவிட்டேன். அப்போதுதான் என் வாழ்க்கையிலேயே பெரிய யோசனை ஒன்று தோன்றியது. யாருக்கும் தெரியாமல் சைகையால் பழக்கினால் என்ன?

நான் வருஷம் முழுக்கக் குரங்குக் குல்லா போடுகிறவன். குல்லாவைக் காதுக்குக் கீழே இழுத்துவிட்டால் மணி உட்கார வேண்டும். இரண்டு உள்ளங்கையையும் தேய்த்தால் படுக்க வேண்டும். மெதுவாக இருமினால் ஓடி வர வேண்டும். ஒவ்வொன்றுக்கும் உடைந்த வர்க்கித் துண்டு ஒன்று. பேக்கரியில் உடைந்த வர்க்கிக்குப் பஞ்சமே இல்லை. மணி எங்கள் குடும்பத்திலேயே அதிகம் படித்தவன் ஆகிவிட்டான். (ஜெனி பிளஸ் டூதான். அவளைவிட இவன் சீக்கிரம் புரிந்துகொண்டான்.)

ஸ்டெல்லா டீச்சர் வாயைப் பிளந்தார். "சூசை, நீங்க ஒண்ணுமே சொல்லலை, அது பாட்டுக்கு செய்யுதே! உங்க மனசைப் படிக்குதா?" நான் அடக்கமாகச் சிரித்துவிட்டுக் குல்லாவைச் சரி செய்தேன். மணி இன்னொரு முறை உட்கார்ந்தான்.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நான் யோசிக்கவில்லை. பயிற்சி நடந்தது வெயில் காலத்தில். தேர்வு நடக்கப்போவது உறைபனிக் காலத்தில்.

தேர்வு நாள் காலையில் மைதானத்துப் புல் வெள்ளையாகக் கிடந்தது. ஊரே திரண்டிருந்தது. ஒருவர் விடாமல் குல்லா. ஒருவர் விடாமல் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். ஜெனி போய் அழைத்ததால் ஓனரும் வந்து முன்வரிசை நாற்காலியில் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்தார். "நானே என் கண்ணால பாத்துக்கறேன்" என்றார்.

முதலில் எல்லாம் நன்றாகவே நடந்தது. நடுவர் கோயமுத்தூரிலிருந்து வந்திருந்தார். பாவம், மலைக் குளிர் பழகாத கீழ்நாட்டு உடம்பு. இரண்டு ஸ்வெட்டர், ஒரு மஃப்ளர், கடை விலைச்சீட்டைக்கூடக் கிழிக்காத புதுக் குல்லா. எங்கள் முன்னால் வந்து நின்று குல்லாவை இழுத்துவிட்டார். மணி உட்கார்ந்தான்.

"அட! நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லீங்களே!"

சொல்லிவிட்டுக் கையைத் தேய்த்தார். மணி படுத்தான். நடுவர் என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை இருந்தது. என்னை அப்படி யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை. அது என் சைகை என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் மதிப்பெண் விழுகிறது என்று பேசாமல் நின்றேன். (பேசாமல் நிற்பது எனக்குக் கைவந்த கலை.)

கடைசிப் பகுதி, இருக்கச் சொன்ன இடத்தில் இருப்பது. நாய்கள் எல்லாம் வரிசையாகப் படுத்திருக்கும். வளர்ப்பவர்கள் மைதானத்தின் அந்தக் கோடிக்குப் போய் நிற்க வேண்டும். நடுவர் கொடி அசைக்கும் வரை ஒரு நாயும் எழக் கூடாது. டயானா இந்தப் பகுதியில் ராணி. காக்கை வந்து மேலே உட்கார்ந்தாலும் அசையமாட்டாள் என்பார்கள். அவளுக்குப் பக்கத்தில் மணியைப் படுக்கவைத்துவிட்டு நான் அந்தக் கோடிக்குப் போனேன். மணி கல்லுப் போலப் படுத்திருந்தான். ரோஸ்லின் ஜெபமாலையை எடுத்தாள். கூடலூர்க் காடு என் கண்ணைவிட்டு மெல்ல விலகியது.

அப்போது ஓனர் இருமினார்.

(ஓனரிடம் அனுமதி வாங்கிவிட்டேன். "எழுதுங்க, ஆனா என் இருமலை மட்டும் கொஞ்சம் கொறைச்சு எழுதுங்க" என்றார். குறைத்துத்தான் எழுதுகிறேன்.)

எஸ்டேட் லாரி மேட்டில் கியர் மாற்றுவது போன்ற இருமல் அது. வீட்டிலும் தினமும் இருமுவார்தான். ஆனால் அப்போது மணி சங்கிலியில் இருப்பான். இப்போது சங்கிலி என் கையில் இருந்தது. மணி அம்பு போலப் பாய்ந்து ஓனர் காலடியில் போய் நின்றான். ஓனர் பயந்துபோய்க் குல்லாவை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்தார். மணி உட்கார்ந்தான். என்ன செய்வதென்று தெரியாமல் கையைப் பிசைந்தார். மணி படுத்தான்.

கூட்டம் சிரித்தது. உறைபனியில் வாயைத் திறந்து சிரித்தால் என்ன ஆகும் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சிரிப்பு இருமலாக மாறியது. இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் இருவர், பின்னால் ஒரு வரிசையே. மணி ஒவ்வொருவரிடமும் ஓடினான். குல்லாவைத் தொட்டவர் முன்னால் உட்கார்ந்தான், கையைத் தேய்த்தவர் முன்னால் படுத்தான், யாருமே வர்க்கி கொடுக்காததால் குழம்பிப்போய் அடுத்தவரிடம் ஓடினான். ஸ்டெல்லா டீச்சர் மைக்கைப் பிடித்து, அமைதி என்று சொல்வதற்காகத் தொண்டையைக் கனைத்தார். மணி கம்பத்தில் கட்டியிருந்த ஸ்பீக்கருக்குக் கீழே போய் நின்று, டீச்சர் உள்ளே எப்படிப் போனார் என்று அண்ணாந்து பார்த்தான்.

அப்போதுதான் டயானா எழுந்தாள். ராணியே எழுந்துவிட்டால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? மொத்த வரிசையும் எழுந்து மணிக்குப் பின்னால் ஓடியது. நடுவருக்கென்று வைத்திருந்த பஜ்ஜித் தட்டு காலியாகிக் கவிழ்ந்தது. எஸ்டேட் மேனேஜர் அம்மா வாழ்க்கையில் முதல் முறையாக டயானாவிடம் தமிழில் பேசினார். "ஐயோ, நாசமாப் போச்சே, வாடி இங்க!" என்றார்.

அந்த நேரத்தில் எனக்குள் என்ன புகுந்ததோ தெரியவில்லை. மைதானத்தின் நடுவில் நின்று, என் உயிரையெல்லாம் திரட்டி, "டேய் மணி! வாடா!" என்று கத்தினேன்.

கூட்டம் முழுக்க என் பக்கம் திரும்பியது. நாய்கள்கூட நின்றுவிட்டன. மணி மட்டும் திரும்பி, யாரோ முன்பின் தெரியாத ஆளைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தான். அந்த ஒரு 'சிட்'டைத் தவிர அவன் என் குரலைக் கேட்டதே இல்லையே!

பின்னாலிருந்து ரோஸ்லின் சொன்னாள்: "எனக்கே இன்னைக்குத்தான் கேக்குது. அதுக்கு எப்படித் தெரியும்?"

நடுவர் கடைசியில் வந்து என் தோளைத் தட்டினார். "நான் பாத்ததுலயே ரொம்பக் கீழ்ப்படியற நாய் இதுதானுங்க. என்ன ஒண்ணு, எல்லாருக்கும் கீழ்ப்படியுது. சான்றிதழ் தர முடியாதுங்களே." ஜெனி மணியைத் தூக்கிக்கொண்டாள். அந்த வருஷம் யாருக்குமே சான்றிதழ் இல்லை, டயானாவுக்கும்கூட.

வீட்டுக்கு ஒரே ஆட்டோவில் போனோம். பின்சீட்டில் ஓனர், நான், நடுவில் ரோஸ்லின். முன்னால் டிரைவர் பக்கத்தில் மணியோடு ஜெனி. கூடலூருக்குப் பஸ் எத்தனை மணிக்கு என்று நான் மனதுக்குள் யோசித்துக்கொண்டிருந்தேன். பாதி வழியில் ஓனர் இருமினார். இந்தத் தடவை சின்னதாக, வேண்டுமென்றே. மணி ஜெனியின் மடியிலிருந்து பின்னால் தாவி ஓனர் மடியில் ஏறினான். ஓனர் குல்லாவைத் தொட்டார். மணி உட்கார்ந்தான்.

"ஏனுங்க சூசை, இதானா சங்கதி?"

"ஆமாங்க ஐயா. மன்னிச்சிருங்க. எனக்குக் கூச்சங்க."

அவர் மணியின் காதைத் தடவினார். "எம் பசங்க பெங்களூர்ல இருக்கறாங்க. நான் இருமுனா ஃபோன்லயே 'டாக்டர்கிட்டப் போனீங்களா'ன்னு கேட்டுட்டு வெச்சிருவாங்க. என் இருமலைக் கேட்டு எந்திரிச்சு ஓடி வந்தது இவன் ஒருத்தன்தானுங்க."

"அப்போ சர்டிபிகேட், தாத்தா?" என்றாள் ஜெனி.

"அது கெடக்குது. நாளையிலிருந்து கட்டிப் போடாதீங்க."

இப்போது எங்கள் வீட்டில் யார் இருமினாலும் ஜெனி, "மணி, உனக்கு ஃபோன்" என்கிறாள். மாதா கோயிலில் பூசை நடுவில் யாராவது இருமினால் நாங்கள் மூவரும் சிரிப்பை மறைக்கத் தலையைக் குனிந்துகொள்கிறோம். நம் சங்கத்திலும் ஒரு மாற்றம் வந்தது. தேர்வு நாளில் வாசலில் நின்று பார்வையாளர்கள் எல்லோருக்கும் இருமல் மிட்டாய் கொடுக்கிறோம். அந்தப் பொறுப்பை என்னிடமே கொடுத்திருக்கிறார்கள். பேசாமல் கொடுத்தால் போதும். சாதனைகள் பகுதியில் என் பெயருக்கு நேரே ஏதாவது போட்டே ஆக வேண்டுமென்றால் டீச்சர் இதைப் போட்டுக்கொள்ளலாம்.

தேர்வுக்கு மறுநாள் திங்கட்கிழமை. விடிந்ததும் மாடியில் ஓனர் இருமினார். மணி படியேறிப் போனான். நான் பேக்கரிக்குப் போனேன்.