வாயைப் பொத்திய கை

பாசத்துக்குரிய மருமகனுக்கு, எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கே விடுப்புக் கொடுத்துவிட்ட உன் தாய்மாமன் எழுதுவது. என் இடுப்பைத் தவிர இங்கே எல்லோரும் நலம். உன் அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது?

இதெல்லாம் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். உன் படத்தில் என் முகத்துக்குக் கறுப்பு மை பூசி, சுருட்டை முடி ஒட்டி, பெரிய பல் மாட்டி, வேற்று இனத்தானாக்கி நிறுத்தினாயே, அப்போதே "இது வம்புல முடியும்" என்றேன். நீ போனில் இருந்தாய். மேக்கப் அறைக் கண்ணாடிதான் சாட்சி.

என் வேலை உனக்குத் தெரியும். சலவைக்கூடத்தில் ஆஸ்பத்திரி விரிப்பு மடிப்பது. ஒற்றை ஆளால் ஆகாது. அந்த முனையை ஒருவர் பிடிக்க, இந்த முனையை நான் பிடித்து, உதறி, நடந்துபோய் நடுவில் அவர் கையில் சேர்ப்பேன். பதினோரு வருஷமாக என் மறுமுனைக்காரர் ஒரே ஆள். நீ என் முகத்தில் பூசினாயே, அந்த இனத்துக்காரர். ஒரு நாளைக்கு நாலாயிரம் தடவை அவர் முகத்துக்கு எதிரே போய் நிற்கிறேன். உன் அத்தை முகத்தைக்கூட அவ்வளவு பார்த்ததில்லை.

படம் வந்ததும் சும்மா இருப்பேனா? சாப்பாட்டு அறை டிவியில் போடவைத்தேன். சிரித்த சிரிப்பில் பக்கத்து அறை இஸ்திரி மெஷினே நின்றுவிட்டது. படப்பிடிப்பில் நீ "ஏதாவது பண்ணு மாமா" என்றதும் நானாகவே வாயைக் கையால் பொத்தித் தோள் குலுங்கச் சிரித்தேனே, அந்த இடம் வந்தபோது எல்லோரும் திரும்பி என் மறுமுனைக்காரரைப் பார்த்தார்கள். அவருக்கு முன்பல் ஒன்று இல்லை. சிரித்தால் கை தானாக வாய்க்குப் போகும்.

சாப்பாட்டுக்குப் பிறகு முதல் விரிப்பு. நடுவில் சந்தித்தோம். அவர் என் முனையை வாங்கவில்லை.

"மையும் பல்லும் கெடக்கட்டும் அண்ணே. எங்கள எப்பவும் அப்படித்தான் காட்டுறாங்க, எனக்குப் பழகிப்போச்சு. என் பொண்ணுக்குத்தான் இன்னும் பழகல. அந்தக் கை யாரோடது?"

"எந்தக் கை?"

"வாயைப் பொத்துற கை. அத யாரு சொல்லிக் குடுத்தா?"

மருமகனே, உன் மாமன் யாரென்று அங்கேதான் காட்டினேன். "உங்ககிட்டேருந்துதான் திருடினேன் தம்பி. தப்பு என்னோடது, மன்னிச்சிடுங்க" என்று சொல்லிவிட்டேன். கூடமே கைதட்டியது. அவர் என்னைக் கட்டிக்கொண்டார். மேற்பார்வையாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார், அதுவும் நாங்கள் மடித்துவைத்த விரிப்பிலேயே.

ஆகவே இரண்டாம் பாகத்துக்கு என்னைக் கூப்பிடாதே. வேறு ஆளுக்கும் அந்த மையைப் பூசாதே. அந்த இனத்துக்காரர் ஒருவரையே நடிக்கவைத்து, நல்ல வசனமாகக் கொடு. என் மறுமுனைக்காரர் விரிப்பை உதறிக்கொண்டே அடிக்கும் ஜோக்கில் பாதிகூட உன் படத்தில் இல்லையப்பா.

நீ எடுக்கும் படமெல்லாம் ஓஹோவென்று ஓடட்டும், நான் வரும் காட்சி நீங்கலாக. உன் அம்மாவுக்கு என் அன்பு.

இப்படிக்கு,
மாமா

பின்குறிப்பு: கைதட்டியது, கட்டிக்கொண்டது, மன்னிப்புக் கேட்டது எல்லாம் நான் சேர்த்தது. "டைரக்டர்தான் சொல்லிக் குடுத்தான், என் மருமகன்" என்றுதான் அவரிடம் சொன்னேன். "அப்படியா" என்று முனையை வாங்கிக்கொண்டார். நம்பிவிட்டார். இப்போதும் நாங்கள்தான் மடிக்கிறோம். நான் ஏதாவது வேடிக்கையாகச் சொன்னால் சிரிக்கவும் செய்கிறார். கை மட்டும் விரிப்பை விட்டு மேலே வருவதில்லை; உதட்டை இறுக்கிக்கொண்டு சிரிக்கிறார்.