மாப்பிள்ளைக்கு மேட், மகளுக்குக் கிளாஸி

நன்னிலம்,
ஞாயிறு காலை.

சுவாமிமலை சம்பந்தி துரைக்கண்ணு அவர்களுக்கு, தியாகராசன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் ஈஸ்வரியும் சௌக்கியம். சம்பா அறுவடை முடிந்து நெல்லும் காய்ந்துவிட்டது. அங்கே தாங்களும், சம்பந்தியம்மாவும், அவர்களது முழங்காலும் சௌக்கியமாக இருக்க வேண்டும். போனிலேயே சொல்லியிருப்பேன். பாதியில் சம்பந்தியம்மா போனை வாங்கி "நல்லாருக்கீங்களா அண்ணே" என்று ஆரம்பித்தால் விஷயம் நின்றுவிடும் என்பதால் கடிதம்.

தங்கள் மகன் ராஜராஜனும் என் மகள் இசைவாணியும் ஒன்பது நாளாக ஒருவரோடொருவர் பேசவில்லை என்பது தங்கள் காதுக்கும் வந்திருக்கும். கவலை வேண்டாம். நான் மயிலாடுதுறைக்கே போய்த் தீர்த்து வைத்துவிட்டேன். "மேட்டா கிளாஸியான்னு சண்டையாம்" என்று ஈஸ்வரி சொன்னதும் கல்யாண ஆல்பம் என்றுதான் நினைத்தேன். கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகப்போகிறது, இன்னுமா ஆல்பம் தரவில்லை என்று ஸ்டுடியோக்காரரை போனில் பிடித்துத் திட்டியும் விட்டேன். பாவம், அவர் எப்போதோ கொடுத்துவிட்டாராம். சண்டை வேறு. கல்யாண நாளுக்கு இருவரும் சேர்ந்து, கையில் பிடித்து விளையாடும் கேம் மிஷின் ஒன்று வாங்குகிறார்கள். அதில் திரை இரண்டு தினுசு. கிளாஸி கண்ணாடிபோலப் பளபளக்கும், நிறமெல்லாம் எடுப்பாக இருக்கும். மேட் பளபளக்காது, வெளிச்சத்தில் கண் கூசாது, ஆனால் நிறம் கொஞ்சம் மங்கும்.

"ரயில்ல ஜன்னலோரம் உக்காந்தா, கிளாஸியில என் மூஞ்சிதான் மாமா தெரியும். ஆபீஸ் போறப்ப அத வேற பாக்கணுமா?" என்றார் மாப்பிள்ளை. தினமும் தஞ்சாவூருக்கு ரயிலில் போய் வருபவர், சொல்வது நியாயம். மகளோ, "மேட்ல எல்லாமே பழைய வேட்டி மாதிரி வெளுத்துத் தெரியும்ப்பா. நான் வீட்டுக்குள்ளதான விளையாடுறேன், இங்க வெயில் எங்கேருந்து வருது?" என்றாள். அதுவும் நியாயம். அதற்குமேல் இருவரும் என் வழியாகத்தான் பேசினார்கள். "அப்பா, அவங்கள சாப்பிட வரச் சொல்லுங்க." "பசிக்கலைன்னு சொல்லிடுங்க மாமா." ஒரே சோபாவில் எனக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர்.

கண்ணால் பார்க்காமல் தீர்ப்புச் சொல்கிறவன் நான் இல்லை. இருவரையும் தஞ்சாவூர்க் கடைக்கு அழைத்துப் போனேன். கடைக்கார ஃபஹத் இரண்டு மாடலையும் எடுத்து வைத்தார். நான் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தேன்.

"ஐயா, வெளிய கொண்டு போகக் கூடாதுங்க."

"வெயில் உள்ள வருமா தம்பி?"

உச்சி வெயிலில் ரோட்டோரம் நின்று வலக்கையில் மேட், இடக்கையில் கிளாஸி பிடித்தேன். மேட்டில் தெளிவாகப் படம் ஓடியது. கிளாஸியில் ஒரு டவுன் பஸ் சின்னதாகத் தோன்றி, வரவரப் பெரிதாகி, டிரைவரின் மீசை வரை தெரிந்தது. என்ன தத்ரூபம் என்று வியந்துகொண்டிருக்கும்போதே இசைவாணி "அப்பா, பின்னால!" என்று கத்தினாள். குதித்துவிட்டேன். கிளாஸி பஸ்ஸைக் காட்டியது உண்மை. ஆனால் திரை என்பது உள்ளே இருப்பதைக் காட்டத்தான், பின்னால் வருவதைக் காட்ட அல்ல. சொந்த மகள் என்றும் பார்க்காமல் மேட் என்று தீர்ப்புச் சொல்லி, ஆர்டரும் கொடுத்தாயிற்று. திரும்பும்போது ரயிலில் இருவரும் வாய் திறக்கவில்லை. களைப்பாக இருக்கும்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். தங்கள் குடும்பத்தில் எல்லாரும் நோய்நொடியின்றி நீடூழி வாழ வேண்டும். இனி இப்படி ஏதும் வந்தால் தயங்காமல் என்னிடம் விட்டுவிடவும்.

அன்புடன்,
தியாகராசன்.

பின்குறிப்பு: இதைத் தபாலில் சேர்ப்பதற்குள் மிஷின் வந்துவிட்டது. நானே போய் வாங்கினேன். புதுச் சாமானில் கீறல் விழக் கூடாதே என்று வழியில் வீரையன் போன் கடையில் திரைமேல் ஒரு நல்ல கண்ணாடி ஒட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மேட்டின் மேல் பளபளக்கும் கண்ணாடி ஒட்டினால் அது கிளாஸி ஆகிவிடும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? மாப்பிள்ளை திரையில் தன் முகத்தைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். "மாமா..." என்றார், அவ்வளவுதான். இசைவாணி சிரிக்க ஆரம்பித்து நிறுத்தவில்லை. அதைப் பார்த்து அவரும் சிரித்துவிட்டார். "இருங்க, உரிச்சிடுறேன்" என்று கை நீட்டினேன். "நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம்!" என்றார்கள், இரண்டு பேரும் ஒரே குரலில். இத்தனை நாளில் அவர்கள் சேர்ந்து பேசியது அதுதான். இப்போது அவர்கள் இருவரும் நன்றாகப் பேசிக்கொள்கிறார்கள். என்னோடுதான் பேசுவதில்லை. தாங்கள் ஒரு நடை மயிலாடுதுறை வரை போய்ச் சமாதானம் பேசினால் நல்லது.